கொமோடோ உடும்பும் பிஜியின் தென்னை அந்துப்பூச்சியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூன்று மீட்டர் வரை வளர்ந்து மானையும் எருமையையும் வீழ்த்தும் கொமோடோ உடும்புக்காக இந்தோனேசியா 1980இல் தேசியப் பூங்கா அமைத்ததையும், 1991இல் அது உலகப் பாரம்பரியக் களமானதையும் கடந்த ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரை நன்கு விளக்கியிருந்தது. எனினும், தீவுகளில் மட்டும் வாழும் உயிர்களைக் காக்க உலகம் கற்றுக்கொண்டுவிட்டது என்ற அதன் முடிவு எனக்கு ஏற்புடையதாக இல்லை.

பிஜியின் விட்டி லெவு தீவில் லெவுவானா என்றொரு சிறிய அந்துப்பூச்சி இருந்தது. நீலநிறம் மினுங்கும் அப்பூச்சியின் புழுக்கள் தென்னோலையின் அடிப்புறத்தைச் சுரண்டித் தின்றதால், தோப்புகள் தீயில் கருகியவைபோல் காய்ந்து நின்றன. கொப்பரையை நம்பியிருந்த மற்ற தீவுகளுக்கும் அது பரவத் தொடங்கியதால், 1925இல் மலாயாவிலிருந்து ஓர் ஈ வரவழைக்கப்பட்டது. புழுவின் உடல்மீது அந்த ஈ முட்டையிடும். பொரிந்து வரும் ஈயின் இளம்புழுக்கள் உள்ளே துளைத்துச் சென்று புழுவைத் தின்று தீர்க்கும். சில ஆண்டுகளிலேயே லெவுவானா அரிதாகிவிட்டது. இன்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் அது அற்றுப்போன இனம். எங்கேனும் எஞ்சியிருக்கலாம் எனக் கருதும் ஆய்வாளர்களும் உண்டு.

அதே ஒன்றியம் 2021இல் கொமோடோ உடும்பை 'அழியும் ஆபத்தில் உள்ள இனம்' என அறிவித்தபோது உலகெங்கும் அது செய்தியாயிற்று. இந்த வேறுபாட்டுக்கு உருவம் மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. உடும்பைக் காணப் பயணிகள் பணம் கொண்டுவருகிறார்கள். அந்துப்பூச்சியோ குடியானவன் வருமானத்தைத் தின்றது. தென்னை வைத்திருப்பவன் என்ற முறையில், அன்று பிஜியில் ஈயை விட்டவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நம் தோப்புகளில் கருந்தலைப்புழுவுக்கு எதிராக நாம் விடும் ஒட்டுண்ணிக் குளவிகள் இம்மண்ணுக்கே உரியவை. அவை புழுவைக் கட்டுப்படுத்துகின்றனவே தவிர, இனத்தையே துடைத்தெறிவதில்லை. வெளிநாட்டு எதிரியை இறக்குமதி செய்வது முற்றிலும் வேறு விஷயம். வந்த ஈயைத் திருப்பி அனுப்ப வழியில்லை.

தீவு உயிர்களைப் பற்றி மீண்டும் எழுதும்போது லெவுவானாவுக்கும் சில பத்திகள் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தென்னை விவசாயி ஒருவர்,
பொள்ளாச்சி வட்டம்.