காட்டத்தி மரத்தில் ஏற்றிவிட்டவர்களுக்கு

அன்பான சபையாருக்கும், வில்லுப்பாட்டுக் குழுவினருக்கும், வெளியூரிலிருந்து விடாமல் விசாரித்துக்கொண்டிருந்த எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

பேச்சு போய் நான் படுத்துவிட்டது எப்படி என்று மறுபடி எழுதப் போவதில்லை. உங்களில் பாதிப் பேர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றவர்கள். மீதிப் பேர் போனில் கேட்டு, அடுத்தவருக்கும் சொன்னவர்கள். போன வாரம் அசனத்துக்கு, அதாவது சபையார் கூடிச் சாப்பிடும் விருந்துக்கு, முந்தின ராத்திரி, கோயில் பந்தலில், வில்லுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு கதையை முழுசாகச் சொல்லி முடித்தேன். அந்தப் படபடப்பு அடங்குவதற்குள் நன்றியைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. வலது கை இன்னும் பேனா பிடிக்க மாட்டேன் என்கிறது. நான் சொல்லச் சொல்ல மகள் தட்டச்சு செய்கிறாள். ‘நான் சொல்லச் சொல்ல’ என்று சொல்ல முடிவதே உங்களுக்கு நான் தரும் முதல் செய்தி.

டாக்டர்கள், ராத்திரி முழுக்க நடந்துகொண்டே இருந்த நர்ஸம்மாமார், வாரம் தவறாமல் நற்கருணை கொண்டுவந்த சேகர குரு ஐயா, ஆஸ்பத்திரிச் செலவுக்கு வீடு வீடாகப் போன பெண்கள் ஐக்கிய சங்கத்தார், ஓய்வுநாள் பள்ளியில் என் வகுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொண்ட ஆசிரியைகள், கஞ்சியும் துவையலும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பாத்திரத்தைக்கூடத் திரும்பக் கேட்காத பக்கத்து வீட்டார், எல்லாருக்கும் நன்றி. அம்மன் கோயில் கொடைக்குப் பாடும் வில்லுக்காரர்கள் இரண்டு பேர் பஸ் பிடித்து வந்து பார்த்தார்கள். என் வில்லின் நாண் தொய்ந்து கிடந்ததைப் பார்த்து, கேட்காமலே இழுத்துப் பூட்டிவிட்டுப் போனார்கள். குடம் அடிக்க நான் கற்றதே அவர்கள் அப்பாவிடம்தான். அவர்களுக்கும் நன்றி.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சொல்லிவைத்தது போல ஓர் ஆளை ஞாபகப்படுத்தினார்கள்: சகரியா. தேவாலயத்தில் தூபம் காட்டப் போய் ஊமையாகத் திரும்பி வந்தவன். எழுத்துப்பலகையைக் கேட்டு வாங்கி, ‘இவன் பேர் யோவான்’ என்று எழுதின பிறகுதான் அவனுக்கு நாவு கட்டவிழ்ந்தது. நல்ல கதைதான், நானே எத்தனையோ தடவை சொன்ன கதை. ஆனால் சகரியாவுக்கு வந்தது, தேவதூதன் சொன்னதை நம்பாமல் கேள்வி கேட்டதற்காக. நான் யாரிடம் என்ன கேட்டேன்? அதைத் திருப்பிக் கேட்கவும் வாய் இல்லாமல் படுத்திருந்தேன். ஆறுதல் சொல்ல வந்தவர்கள் மேல் கோபம் இல்லை. இருந்தாலும் இனி நோயாளியைப் பார்க்கப் போகும்போது சகரியாவை வாசலிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

பேச்சுப் பயிற்சி கொடுத்த தங்கச்சி குடை, நாற்காலி, ஆப்பிள் என்று படம் படமாகக் காட்டும். குடை எனக்குத் தெரியும், மழையும் தெரியும், குடையை ரயிலில் விட்டுவிட்டு வந்த கதைகூடத் தெரியும். சொல் மட்டும் வராது. ஆனால் ஒருநாள் ஐயா ஜெபிக்கும்போது, ‘பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே’ என்று தொடங்கி ஆமென் வரை என் வாயிலிருந்து தடையில்லாமல் வந்துவிட்டது. வீட்டில் எல்லாரும் அழுதார்கள். அடுத்த நிமிஷம் தண்ணீர் கேட்கப் பார்த்தேன், முடியவில்லை. அந்தத் தங்கச்சி பிறகு விளக்கியது: சின்ன வயதிலிருந்து சொல்லிப் பழகின ஜெபமும், ராகத்தோடு வரும் பாட்டும், ஒன்று இரண்டு என்று எண்ணுவதும் இப்படிப்பட்ட நேரத்திலும் பலருக்குத் தப்பிப் பிழைக்குமாம், நினைத்து நினைத்துக் கோக்க வேண்டிய சொந்தப் பேச்சுதான் அறுந்துபோகுமாம். வில்லுப்பாட்டுக்காரனுக்கு இது சட்டென்று புரியும். எங்களுக்குப் பாட்டு உண்டு, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் வசனம் உண்டு. எனக்குப் பாட்டு இருந்தது, வசனம் போய்விட்டது. ஆனால் கதை நடப்பது வசனத்தில்தானே.

இனி, இந்த மடலை எழுத வைத்த ஆளிடம் வருகிறேன். எங்கள் தெருக் கோடியில் ஓலைப்பெட்டி முடைகிற அக்கா. பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். எழுதப் படிக்கத் தெரியாது. வேதபுத்தகத்தை முத்தமிடுவாள், திறந்ததில்லை. பந்தலில் வில்லு வைத்தால் குடத்துக்கு நேர் எதிரே வந்து உட்காருவாள், கடைசி மங்களம் வரை எழுந்திருக்க மாட்டாள். அவ்வளவுதான் எனக்கும் அவளுக்கும் உள்ள பழக்கம்.

நான் வீடு திரும்பிய பிறகு ஒருநாள் சாயங்காலம், ஈர ஓலைக் கட்டோடு வந்து திண்ணையில் உட்கார்ந்தாள். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. ஓலையைக் கிழித்துக்கொண்டே, “கேளு தம்பி, எரிகோ பட்டணத்துல சகேயுன்னு ஒருத்தன்” என்று ஆரம்பித்தாள். இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறின குள்ள வரிக்காரனின் கதை. நான் சொல்கிற என் கதை! என் நிறுத்தம், என் நக்கல். ‘ஊர் வரியெல்லாம் வாங்கிக் கட்டின வீட்டுக்கு மாடி இருந்திருக்கும்லா, அங்கேயே நின்னு பார்த்திருக்கலாம், கூட்டத்துக்குள்ள இறங்கி ஓடினான் பாரு, அங்கதான் இருக்கு விஷயம்’ என்று நான் இடையில் செருகுகிற வரியைக்கூட அப்படியே சொன்னாள். அதன் பிறகு, “ஓடிப்போய், ஒரு ஆலமரத்துல ஏறிட்டான்” என்றாள்.

நான் தலையை ஆட்டினேன். அவள் கண் ஓலையில் இருந்தது. கையைத் தட்டினேன். “என்ன தம்பி, கொசுவா?” என்றாள். “ஆலமரத்துல ஏறி, விழுதைப் பிடிச்சுக்கிட்டு…” என்று மேலே போனாள். விழுதாம்! எரிகோவில் ஆலம் விழுது! உள்ளே இருந்து ஏதோ முட்டிக்கொண்டு வந்தது. “அ… அத்… அத்தி” என்றேன். “எந்த அத்தி?” என்றாள், இன்னும் நிமிராமல். “கா… காட்… காட்டத்தி.”

“ஆங், காட்டத்தி. நீ சொன்னாச் சரிதான்” என்று சொல்லிவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல இயேசுவை அந்த மரத்தடிக்குக் கூட்டிவந்தாள். கேட்டவர்கள் இல்லாவிட்டால் என் வீட்டார் இதை நம்பியிருக்க மாட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, யாரும் எடுத்துக் கொடுக்காமல் நானாகச் சொன்ன முதல் சொல் அது. மனைவி பேரும் இல்லை, பிள்ளைகள் பேரும் இல்லை, ஒரு மரத்தின் பேர். மனைவிக்கு அதில் இன்னும் கொஞ்சம் வருத்தம்தான்.

அப்புறம் அவள் வருவது வாடிக்கையாகிவிட்டது. ஒருநாள் தாவீது ஆற்றில் மூன்று கல் பொறுக்கினான். நான் ஐந்து விரலைக் காட்டினேன். “ஈ ஓட்டுறியா?” என்றாள். “அஞ்சு” என்று வாய் திறந்து சொல்லும் வரை கோலியாத் உயிரோடுதான் நின்றுகொண்டிருந்தான். இன்னொரு நாள் யோனா மீன் வயிற்றில் மூன்று நாளுக்குப் பதில் ஒரு வாரம் கிடந்தான். ஐயாயிரம் பேருக்கு இயேசு பகிர்ந்து கொடுத்த கதையில், பையனிடம் இருந்த மீன் மூன்றாகிவிட்டது. இரண்டு என்று சொல்லி அதில் ஒன்றைக் குறைத்தேன். மலைபோல நின்றது திபேரியா கடல். சீஷர்கள் வலையை இழுக்கிறார்கள், “நூறு மீன்” என்கிறாள் அக்கா. யோவான் எழுதின கணக்கு நூற்றைம்பத்துமூன்று. நல்ல நாக்குக்கே ஒரு தடவை இடறுகிற சொல். அன்றைக்கு வரவில்லை. அவளும் வலையைக் கரைக்கு இழுக்கவில்லை, “மீதியை நாளைக்கு எண்ணுவோம்” என்று சொல்லி ஓலையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள். பல நாள் அந்த வலை தண்ணீரிலேயே கிடந்தது. அந்தச் சொல் முழுசாக வந்த அன்று, முடைந்துகொண்டிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டு முதல்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

வேண்டுமென்றே தப்பாகச் சொன்னாளா? கேட்டுப் பார்த்தேன். “எனக்கென்ன எழுத்தா தெரியும்? வாயில வந்ததைச் சொன்னேன்” என்கிறாள். ஆனால் அதே வாரத்தில் எதிர்வீட்டுப் பிள்ளைகளுக்கு அவள் சகேயு கதை சொன்னதை என் மகள் கேட்டிருக்கிறாள். அங்கே காட்டத்தி காட்டத்தியாகவே இருந்ததாம்.

எத்தனையோ லெந்து காலம், அதாவது தவக்காலம், வெள்ளிக்கிழமைதோறும் வீட்டு முற்றங்களில் கதை சொல்லியிருக்கிறேன். ஓர் ஆண்டு மாற்கு சுவிசேஷம் பதினாறு அதிகாரத்தையும் குழுவாகப் பிரித்துக்கொண்டு ஒரே ராத்திரியில் காகிதம் இல்லாமல் சொன்னோம். எங்கள் ஆசிரியர் கற்றுக்கொடுத்த முறை ஒன்றுதான்: யார், எங்கே, என்ன நடந்தது என்பதைப் பிசகாமல் பிடித்துக்கொள், ஆண்டவர் பேசினதை மாற்றாதே, மற்றதை உன் ஊர் வாயால் சொல். யவீருவின் மகள் உயிரோடு எழுந்ததும் அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்று ஆண்டவர் சொல்கிறாரே, அந்த இடத்தைச் சொல்லும்போது மட்டும் குடத்தை நிறுத்திவிட வேண்டும் என்பார். அந்த இடத்தில் ஒரு தாயாவது முந்தானையை எடுக்காமல் இருந்ததில்லை.

இதெல்லாம் சொல்கிறவனின் வித்தை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியது 1715-இல். அதற்குப் பிறகும் எத்தனையோ தலைமுறை நம் கிராமங்களில் வேதம் காதில்தான் இருந்தது. உபதேசியார் சொல்வார், சனங்கள் திருப்பிச் சொல்வார்கள். 1774-இல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, ஜெர்மன் மிஷனெரி ஸ்வார்ட்ஸ் ஐயரோடு தஞ்சாவூருக்குப் போன வேதநாயக சாஸ்திரியார், கதாகாலட்சேபமாகவும் குறவஞ்சியாகவும் வேதக் கதையைச் சொல்லக் கூட்டம் உட்கார்ந்து கேட்டது. அவர் பேர் நமக்குத் தெரியும். கேட்டு வீட்டுக்குக் கொண்டுபோன பாட்டிமார் பேர் யாருக்குத் தெரியும்? என்னிடமிருந்து கதை போய்விட்டபோது அது எங்கே இருந்தது என்றால், ஓலைப்பெட்டிக்காரி மடியில் இருந்தது. பத்திரமாக வைத்திருந்து, உரியவனிடம் ஒவ்வொரு சொல்லாக வசூலித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தாள்.

பந்தல் ராத்திரிக்கு வருகிறேன். வில்லின் நாணில் அடிக்கிற வீசுகோலைத் தம்பிமாரில் ஒருவன் எடுத்துக்கொண்டான். நான் வசனம் மட்டும். சகேயு கதைதான், வேறு எதைச் சொல்ல? எரிகோ பட்டணத்துக்குள் நுழைந்ததுமே ஒரு சொல் சிக்கிக்கொண்டது. இடம் பாடுகிற, அதாவது பின்பாட்டுப் பாடுகிற, அண்ணன் உடனே “ஆமா… எரிகோ பட்டணம்தான்… பெரிய பட்டணம்” என்று இழுத்து இடைவெளியை மூடினார். உடுக்குக்காரன் நாலு தட்டு சேர்த்துப் போட்டான். புதிதாக வந்தவர்களுக்கு அது கதையின் அழகு என்றுதான் தோன்றியிருக்கும். நீங்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது மேலே இருந்து நன்றாகவே தெரிந்தது, மறைக்க வேண்டாம். மரம் வந்த இடத்தில் நான் குடத்துக்கு நேர் எதிரே பார்த்தேன். அக்கா வாயை இறுக மூடிக்கொண்டு, கிறுக்கன் சொல்கிறானா பார்ப்போம் என்பது போல இருந்தாள். “காட்டத்தி மரம்” என்றேன். பந்தலே “ஆமா” என்றது. அந்த ஆமாவைக் குழு போடவில்லை, நீங்கள் போட்டீர்கள். அதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

மறுநாள் அசனச் சோறு பந்தியில் அக்காவை முதல் வரிசையில் உட்கார வைக்கப் பார்த்தோம். வரவில்லை. அடுத்த ஆண்டு மேடையில் வந்து ஒரு கதை சொல்லுங்கள் என்று சேகர குரு ஐயாவே கேட்டார். “சந்தைக்குப் பெட்டி குடுக்கணும் ஐயா, வேலை கிடக்கு” என்று சொல்லிவிட்டாள்.

அவள் மேடைக்கு வராவிட்டால் மேடை அவளிடம் போகும். உடம்பில் தெம்பு இருக்கும் வரை நான் இதைச் செய்வேன் என்று உங்கள் முன்னால் பொருத்தனை பண்ணுகிறேன். சனிக்கிழமை தோறும் சாயங்காலம் ஆறரைக்கு அக்கா வீட்டு முற்றத்தில் கதை. நான் ஒன்று சொல்வேன், அவள் ஒன்று சொல்வாள், ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் ஆளுக்கொன்று சொல்வார்கள். புத்தகமும் நோட்டும் வேண்டாம், போனைப் பையில் போட்டுவிடுங்கள். எந்தக் கோயிலுக்குப் போகிறவர்களும் வரலாம். பேச்சு சிக்கிக்கொண்டவர்கள் யாராவது தெரிந்தவர்கள் இருந்தால் கட்டாயம் கூட்டிவாருங்கள், யாரும் அவசரப்படுத்த மாட்டோம். இந்த வாரக் கதை, எலியா தீர்க்கதரிசிக்கு அப்பம் சுட்டுக் கொடுத்த சாறிபாத் ஊர் விதவை. பானையில் ஒரு பிடி மாவோடு அவள் விறகு பொறுக்கிக்கொண்டிருந்த இடத்திலிருந்து தொடங்குவோம்.

சுக்குக் காப்பி உண்டு. பாய் நாங்கள் விரித்து வைக்கிறோம். கதை நீண்டு நேரமாகிவிடலாம், பவுல் பேசப் பேசத் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்த ஐத்திகு ஞாபகம் இருக்கட்டும்: மதில்மேல் மட்டும் யாரும் உட்கார வேண்டாம்.