எந்த இடத்து ரத்தம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

மார்ஃபின் இனத்து வலிநீக்கி மருந்தான ஃபென்டனில் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். அமெரிக்கப் பாடகர் பிரின்ஸ் 2016 ஏப்ரலில் இறந்தபோது அவர் ரத்தத்தில் லிட்டருக்கு 67.8 மைக்ரோகிராம் ஃபென்டனில் இருந்தது, அது உயிரைக் கொல்லும் அளவு என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். முடிவு தப்பு என்று சொல்ல வரவில்லை. ஆனால் விஷப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

செத்த உடம்பில் ரத்தம் எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருக்காது. நுரையீரல், ஈரல், இதயத் தசை இவற்றில் சேர்ந்திருந்த மருந்து, மூச்சு நின்ற பிறகு மெல்லக் கசிந்து பக்கத்து ரத்தத்தில் கலக்கும். ஃபென்டனில் இதில் பேர்போனது. இதயத்திலிருந்து எடுத்த ரத்தம் கூடுதலாகக் காட்டலாம். அதனால்தான் தொடைச் சிரையின் மேல்பக்கத்தைக் கட்டிவிட்டு, அதற்குக் கீழே ஊசி போட்டு எடுக்கச் சொல்கிறோம்.

எங்களிடம் பாட்டில் வரும். துணி சுற்றி, அரக்கு முத்திரை வைத்து, எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும். பிரித்தால் சீட்டில் ‘ரத்தம்’ என்று மட்டும் எழுதியிருக்கும். எங்கிருந்து எடுத்தது, இறந்து எத்தனை மணி நேரம் ஆனது, கெடாமல் இருக்க ஃபுளோரைடு போட்டார்களா, ஒன்றும் இருக்காது. ஒருமுறை போன் போட்டே கேட்டேன். “ரத்தம்னா ரத்தம்தான் சார்” என்று பதில் வந்தது. அப்புறம் நான் என்ன செய்ய? மருந்தை அளக்கும் கருவியான மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் புள்ளிக்குப் பிறகும் இரண்டு இலக்கம் சொல்லும். பாட்டிலில் இருப்பதைத்தானே அது அளக்கும்?

சரி, தொடை ரத்தமே கிடைத்தாலும் எண் மட்டும் பேசாது. புற்றுநோய் வலிக்கு மாதக்கணக்கில் மார்ஃபின் எடுப்பவர் ஓர் அளவோடு எழுந்து நடமாடுவார். பழக்கமில்லாத ஒருவரை அதே அளவு சாய்த்துவிடும். ஆகவே ஈரலையும் பார்க்க வேண்டும், வயிற்றில் இருப்பதையும் பார்க்க வேண்டும், அவர் என்ன மருந்து சாப்பிட்டு வந்தார் என்று வீட்டில் விசாரிக்கவும் வேண்டும். பிரின்ஸின் ஈரலில் கிலோவுக்கு 450 மைக்ரோகிராம் இருந்ததாக 2018-இல் செய்தி வந்தது. என்னைக் கேட்டால் ரத்தக் கணக்கைவிட அந்த எண்தான் விஷயம். உங்கள் கட்டுரையில் அதைக் காணோம்.

இனி இப்படி ஓர் எண்ணை அச்சிடும்போது, எந்த இடத்து ரத்தம் என்று பிரேதப் பரிசோதனை அறிக்கையில் இருந்தால் அந்த ஒரு சொல்லையும் சேர்த்துப் போடுங்கள். அறிக்கையில் இல்லையென்றால், இல்லை என்றாவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பரிசோதகர்,
மதுரை