பீரோவும் அரை மார்க்கும்

காட்பாடி

அன்புள்ள ஏகாம்பரம்,

நலம். உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கண் ஆபரேஷன் முடிந்து, வேளாவேளைக்குச் சொட்டு மருந்து விடுவதிலேயே பொழுது போய்விட்டது. இப்போது எழுத்து பளிச்சென்று தெரிகிறது. பாலாற்றில் தண்ணீர் ஓடுகிறது என்றால் நீ நம்ப மாட்டாய். பாலத்தில் வண்டியை நிறுத்திப் படம் பிடிக்கிறார்கள்.

போன வாரம் லண்டனிலிருந்து மகள் பேசினாள். பழைய சாமான் கடையில் ஒரு பீரோ வாங்கினார்களாம். "ஏற்கெனவே ரெண்டு இருக்கே, துணி வைக்க இடம் பத்தலையா?" என்று உன் தங்கச்சி ஆரம்பித்துவிட்டாள். மகள் போனைத் திருப்பிக் காட்டினாள். பார்த்தால், எழுதுகிற மேசை! கீழே மூன்று இழுப்பறைகள். மேலே சரிவான மூடி. இரண்டு பக்கமும் ஒளிந்திருக்கும் கட்டைகளை வெளியே இழுத்து, மூடியை நம் பக்கமாகச் சாய்த்தால் அந்தக் கட்டைகள்மேல் படுத்துக்கொள்கிறது. அதுதான் எழுதும் பலகை. உள்ளே கடிதம் செருக, பேனா வைக்க, சின்னச் சின்ன அறைகள். எவ்வளவு குப்பை இருந்தாலும் மூடிவிட்டால் தெரியாது. உன் தங்கச்சிக்கு அது ஒன்றுதான் பிடித்தது. "ஆனா இது பீரோ இல்லடி, உன் தாத்தா மண்டியில வச்சிருந்த கணக்குப்பெட்டிக்குக் கால் முளைச்ச மாதிரி இருக்கு" என்றாள்.

அவள் சொன்னதும் சரிதான். அப்பா வெல்ல மண்டியில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுதிய சாய்வுப் பெட்டி உனக்கு ஞாபகம் இருக்கும். அதன் மூடி மேலே தூக்குவது. திறந்தால் மை வாசனையும் வெல்ல வாசனையும் சேர்ந்து அடிக்கும். பேரேட்டின் ஓரத்தில் எறும்பு ஊரும்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. குடியாத்தத்தில் நாம் வேலை பார்த்தபோது, தறிக்காரர் வீட்டுப் பையன் ஒருவன் 'எங்கள் வீடு' கட்டுரையில், பீரோவில் அம்மாவின் பட்டுப்புடவை இருக்கிறது என்று ஆங்கிலத்தில் எழுதினான். பீரோவுக்கு அவன் எழுதிய 'பியூரோ'வை நான் சிவப்பு மையால் அடித்து, மேலே 'அல்மைரா' என்று எழுதி அரை மார்க் குறைத்தேன். "புடவை பத்திரமா இருந்தா சரி, விடேன்பா" என்று ஸ்டாஃப் ரூமில் நீ சிரித்தாய். கணக்கு வாத்தியாருக்கு என்ன தெரியும் என்று நான் முறைத்தேன்.

இப்போது யோசித்தால் தப்பு என்பக்கம்தான். அல்மைராவை இங்கிலாந்தில் யார் புழங்குகிறார்கள்? அது இந்தியாவில் புழங்கும் ஆங்கிலம். போர்ச்சுக்கீசியரின் 'அர்மாரியோ' நம்மிடம் அலமாரியானது. மேசையும் சாவியும்கூட அவர்கள் விட்டுப்போனவைதான். பியூரோ இங்கிலாந்தில் எழுதும் மேசை என்றாலும், அமெரிக்காவில் துணி வைக்கும் இழுப்பறைப் பெட்டி. பையன் அமெரிக்காவில் பிறந்திருந்தால் முழு மார்க் வாங்கியிருப்பான். நான் ஒரு சொல்லை அடித்துவிட்டு, வெள்ளைக்காரனுக்கே புரியாத இன்னொரு சொல்லை அங்கே வைத்திருக்கிறேன்!

இந்த 'பியூரோ' என்ற சொல் ஓர் இடத்தில் நின்றதே இல்லை, ஏகாம்பரம். பிரெஞ்சில் முதலில் அது ஒரு முரட்டுக் கம்பளித் துணி. அந்தத் துணியை மேசைமேல் விரித்தார்கள். துணியின் பெயர் மேசைக்கு வந்தது. அப்புறம் மேசை கிடந்த அறைக்கு, அப்புறம் அலுவலகத்துக்கே. 18ஆம் நூற்றாண்டில் கூர்னே என்ற பிரெஞ்சுக்காரர் அதிலிருந்து 'பியூராக்ரசி' என்று கேலியாக ஒரு சொல் செய்தார். மேசைகளின் ஆட்சி என்று வைத்துக்கொள்ளேன். என் பென்ஷன் கோப்பு ஒரு மேசையிலிருந்து பக்கத்து மேசைக்குப் போக ஏழு மாதம் ஆனதே, அந்த ஆட்சிதான்.

டேவன்போர்ட் கதையும் இப்படித்தான். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கேப்டன் டேவன்போர்ட் என்பவர் ஒரு சின்ன எழுதுமேசை செய்யச் சொன்னாராம். இங்கிலாந்தில் அவர் பெயர் மேசைக்கு நின்றது; அமெரிக்காவிலோ டேவன்போர்ட் என்றால் சோபா. எழுத உட்கார்ந்தவன் தூங்கிவிட்டான் போல.

நம் ஊருக்கு வந்த பீரோவோ எழுதுவதையே மறந்துவிட்டு இரும்புக்கு மாறிவிட்டது. கட்டில், பீரோ இல்லாமல் சீர்வரிசை உண்டா? திருடர்கள்கூட அதற்குத் தனித்தொழில் வைத்திருக்கிறார்கள். ஜன்னல் வழியாகக் கம்பை விட்டு இழுப்பதற்குப் 'பீரோ புல்லிங்' என்று பேப்பரிலேயே போடுகிறான். ஒரு லண்டன்காரனிடம் இதைச் சொன்னால், மேசையை எதற்கு இழுக்கிறார்கள் என்று கேட்பான்.

அந்தப் பையன் பெயர் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. மாணவர் பெயர்களெல்லாம் உனக்குத்தான் மனப்பாடம். மூன்றாவது பெஞ்ச், ஜன்னல் ஓரம், இடது கையால் எழுதுவான். தெரிந்தால் எழுது.

உன் வீட்டில் என் தங்கச்சிக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பொங்கலுக்கு இரண்டு பேரும் வாருங்கள். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் வரத்து தொடங்கிவிட்டது. வரும்போது, நான் உனக்குக் கொடுத்த பழைய ஆங்கில அகராதியையும் எடுத்து வா. 'டெஸ்க்' என்ற பக்கத்தைப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
சம்பந்தம்