எங்க லீவை நோயில இருக்கிற சக ஊழியருக்குக் கொடுக்க விடுங்க

பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறைக்கும், எல்லா அரசு ஊழியர் சங்கத்துக்கும் வணக்கம்.

எங்க செக்‌ஷன்ல ஒரு ஜூனியர் அசிஸ்டன்ட், சர்வீஸ் மூணு வருஷம்தான், மார்புல கட்டின்னு காட்டப் போன பொண்ணுக்கு கேன்சர்னு சொல்லிட்டாங்க. ஆபரேஷன், அப்புறம் 21 நாளைக்கு ஒரு கீமோன்னு எட்டு, அதுவே அஞ்சரை மாசம் இழுக்கும், அதுக்கு மேல ரேடியேஷன் வேற. அஞ்சு வருஷத்துக்குள்ள சர்வீஸ்னா மெடிக்கல் லீவ் 90 நாள்தான், இருந்த கொஞ்சூண்டு ஈஎல்லும் (ஈட்டிய விடுப்பு) ஸ்கேன், பயாப்ஸின்னு அலைஞ்சதுலயே தீர்ந்துபோச்சு. அஞ்சாவது கீமோ போட்ட வாரமே தலையில துணி கட்டிக்கிட்டு தபால் சீட்ல வந்து உக்காந்துட்டா. ஏம்மா வந்தேன்னு கேட்டா, "சம்பளம் வேணுமேக்கா"ன்னா. எனக்குப் பதில் வரல.

அன்னிக்கு அதே செக்‌ஷன்ல என்னையும் சேர்த்து நாலு பேருக்கு ஈஎல் 240 ஃபுல். ஜனவரி 1, ஜூலை 1ன்னு 15, 15 நாளா ஏறுது, 240 தாண்டினா லேப்ஸ், லீவைக் கொடுத்துக் காசு வாங்குற சரண்டரை 2020ல நிறுத்தினதுல இருந்து 2025 அக்டோபர்ல திரும்பக் கொண்டுவர்ற வரைக்கும் எங்க ஆபீஸ்ல மட்டும் எவ்வளவு நாள் இப்படிப் போச்சோ. ஆளாளுக்கு கவர்ல பணம் போட்டுக் கொடுத்தோம், ஆனா அவளுக்குத் தேவைப்பட்டது நாள், அதைக் கொடுக்க ரூல் இல்ல.

அமெரிக்காவுல ஃபெடரல் ஊழியர்களுக்கு 1988லயே இதுக்குச் சட்டம் வந்துடுச்சு. பிரான்ஸ்ல 2009ல மாத்தீஸ்னு ஒரு பையனுக்கு கேன்சர், அவங்கப்பாகூட ஃபேக்டரியில வேலை பார்த்தவங்க சேர்ந்து 170 நாள் லீவ் கொடுத்தாங்க, பையன் பிழைக்கல, ஆனா அப்பா பக்கத்துல இருந்தார், 2014ல அது சட்டமாச்சு, அடுத்த வருஷமே அரசு ஊழியர்களுக்கும் வந்துச்சு.

லேப்ஸ் ஆகுற நாளுக்குச் சம்பளம் கொடுத்தா அரசுக்குச் செலவுதான், மறுக்கல. கஜானாவுக்கு பாரம்னா வருஷத்துக்கு இத்தனை நாள்தான்னு வரம்பு வைங்க, கொடுக்கிறவங்க சம்பளத்தை இல்லாம வாங்குறவங்க சம்பளத்தை வச்சே கணக்குப் போடுங்க. ஆனா யார் கொடுத்தாங்கன்னு வெளிய தெரியவே கூடாது, எந்த ஆபீசரும் கொடுன்னு நெருக்கவும் கூடாது, இது ரெண்டும் ஜி.ஓ.லயே (அரசாணை) எழுத்துல வரணும். மீந்தா கொடுத்தவங்க கணக்குக்கே திரும்பட்டும். சங்கத்துல இருக்கிறவங்களும் அகவிலைப்படி, பென்ஷனோட இதையும் கோரிக்கையில சேருங்க.

வர்ற ஜனவரி 1ம் தேதி என் கணக்குல இன்னும் 15 நாள் ஏறும். அதை எழுதிக் கொடுக்க ஒரு ஃபார்ம் மட்டும் போடுங்க.