பங்குக் கிணறு

துரொம்சோ, நோர்வே
மே 12

அன்புள்ள அம்மாவுக்கு,

சித்தப்பா கொண்டுவந்த உங்கட கடிதமும் ஒடியல் மாவும் கிடைச்சது. போனில கிழமைக்கு ரண்டு தரம் கதைச்சாலும், உங்கட கையெழுத்தைக் கண்ட உடனை, இவ்வளவு காலமும் ஒரு வரி எழுதாமல் இருந்திட்டனே எண்டு நெஞ்சு குத்திச்சு. மன்னிச்சுக்கொள்ளுங்கோ.

நான் நல்ல சுகம். நேரத்துக்குச் சாப்பிடுறன். குளிரும் குறைஞ்சிட்டுது. நவம்பர் கடைசியில மறையிற சூரியன் ஜனவரி 21 அளவிலதான் மலைக்கு மேல தலை காட்டும். இப்ப ராத்திரி 11 மணிக்கும் வெளிச்சம்.

போன செவ்வாய்க்கிழமை எங்கட கட்டடத்தில ‘டுக்னாட்’ நடந்தது. எங்கட ஊர்ச் சிரமதானம்தான். சம்பளமில்லை, எல்லாரும் சேர்ந்து செய்யிறது. நாட்டுக்கே உரிய சொல் எது எண்டு 2004இல தொலைக்காட்சியில கேட்டபோது சனம் இந்தச் சொல்லைத்தான் தெரிஞ்செடுத்ததாம். மாரியில வழுக்காமல் இருக்கப் பாதையெல்லாம் சல்லிக்கல் போடுவினம். பனி உருகினாப் பிறகு அவ்வளவும் புல்லுக்கையும் படியிலையும் கிடக்கும். அதைக் கூட்டி அள்ளவேணும்.

போன வருஷம் கதவில ஒட்டின கடதாசியைப் பார்த்தும் நான் போகேல்லை. யன்னல் சீலைக்குப் பின்னால நிண்டு அவை சிரிச்சுக் கதைக்கிறதைப் பார்த்துக்கொண்டிருந்தன். இந்த முறை கீழ் வீட்டு ஐயா வந்து கதவைத் தட்டினார். பழைய மீன்பிடிகாரர். ரண்டு வருஷமாத் தலையை மட்டும் ஆட்டுவார், ஒரு சொல்லுக் கதைக்கமாட்டார். ஒரு சோடிக் கையுறையை என்ர கையில வைச்சிட்டு இறங்கிப் போனார். நான் விறாண்டியை மேல பிடிச்சு இழுக்க, கிட்ட வந்து என்ர கையை ஒரு சாண் கீழ இறக்கி வைச்சார். பிறகு நாரி நோகேல்லை.

அவர் விறாண்ட, நான் அள்ள, பொடியள் தள்ளுவண்டில் தள்ள, முழங்கால் ஏலாத ஆச்சி வாசல்ல இருந்து வாஃபிள் சுட்டா. ஆர் கூடச் செய்தது, ஆர் குறையச் செய்தது எண்டு ஒருத்தரும் அளக்கேல்லை. தனிய எண்டால் ஒரு கிழமை போயிருக்கும், ரண்டரை மணித்தியாலத்தில முடிஞ்சுது. வாஃபிளுக்கு மேல மண்ணிறச் சீஸ் வைச்சுத் தந்திச்சினம், எங்கட பால் ரொபி மாதிரி இனிக்கும்.

வாயில வைக்க, கிணறு இறைச்சுப்போட்டு வாற அண்டைக்குப் பெரியம்மா காய்ச்சிற ஒடியல் கூழின்ர மணம் வந்திட்டுது அம்மா. மண்ணெண்ணெய் இல்லாத அந்தக் காலத்தில அப்பா துலா மிதிக்க, பெரியப்பா பட்டை பிடிக்க, நான் வெங்காயப் பாத்திக்குத் தண்ணி மாறினது. பிலாவிலையில கூழ் வாங்கிக்கொண்டு அப்பாவுக்குப் பக்கத்தில குந்தியிருந்தது. என்னால விழுங்க ஏலாமல் போச்சுது. ஐயா ஒண்டும் கேக்காமல் கோப்பியை நீட்டினார்.

அதாலதான் சொல்லுறன், தம்பி சொல்லுற குழாய்க்கிணறு வேண்டாம். காசுக்காகச் சொல்லேல்லை. இந்த மாசக் காசு மட்டும் ஒரு கிழமை பிந்தும், யோசிக்காதேங்கோ. எங்கட நிலம் சுண்ணாம்புக்கல், ஆழத்தில இருந்து கனக்க இறைச்சால் உவர் ஏறும். பங்குக் கிணறு தூர்ந்து கிடக்கிறதுக்குக் காரணம் சேறு இல்லை அம்மா, எங்கட வீடும் பெரியப்பா வீடும் கதைக்காததுதான். வேலிச் சண்டை அப்பாவோட போகட்டும்.

நீங்களே பெரியம்மாவிட்டப் போங்கோ. நான் சொல்லித்தான் வந்தனீங்கள் எண்டு சொல்லுங்கோ. ஆனி முடியமுதல், தண்ணி வத்தியிருக்கேக்க இறைச்சிடவேணும். பெரியப்பாவின்ர பொடியள் ரண்டு பேரும் மேல நிண்டு வாளி இழுக்கட்டும். தம்பியைத் தனிய இறங்க விடாதேங்கோ, இடுப்பில வடக்கயிறு கட்டித்தான் இறங்கவேணும். சித்தப்பாவிட்ட மிச்சம் மா இருக்கு எண்டவர், நானும் அண்டைக்கு இஞ்சை கூழ் காய்ச்சுவன்.

தங்கச்சியின்ர சாதகத்தைப் புதுப் படமாய் எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ, முந்தி வந்தது தெளிவில்லை. பெரியம்மா என்ன சொன்னவ எண்டு ஞாயிற்றுக்கிழமை எடுக்கேக்க சொல்லுங்கோ.

உங்கட
மூத்தவன்