டர்பன்டைன் பூசுவதற்குத்தான், குடிப்பதற்கு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் இமயமலைப் பைன் மரத்தைப் பற்றி வந்த கட்டுரையை ஆசையோடுதான் படித்தேன். அந்த மரத்தின் பிசினிலிருந்து எடுக்கும் டர்பன்டைன் தைலம், அரசு மருத்துவமனை மருந்தகத்தில் நான் வேலை பார்த்த காலம் முழுக்க என் கையில் புழங்கிய சரக்கு. மரத்தைப் பற்றி எழுதியதில் பெரும்பகுதி சரியாகவே இருக்கிறது. ஆனால் குழந்தைகளுக்கு வயிற்றில் பூச்சி இருந்தால் டர்பன்டைன் தைலத்தைச் சர்க்கரையில் சில சொட்டு விட்டுக் கொடுக்கலாம் என்று கடைசிப் பத்தியில் ஒரு வரி வருகிறது. அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம். யாரும் அதைச் செய்துவிட வேண்டாம்.

சீர் பைன் என்கிற இந்த மரம் உத்தரகாண்ட், இமாசலப் பிரதேச மலைகளில் சுமார் 500 மீட்டர் முதல் 2,000 மீட்டர் உயரம் வரை காடு காடாக நிற்கிறது. மும்மூன்றாகச் சேர்ந்த நீளமான ஊசியிலைகளை வைத்தே அடையாளம் சொல்லிவிடலாம். பட்டையைச் சீவிக் கீழே குவளை கட்டிப் பிசின் இறக்குவார்கள். அங்கே அதற்கு லீசா என்று பெயர். அதை நீராவியில் காய்ச்சி வடித்தால் தைலம் ஆவியாக ஏறிவிடும், பாத்திரத்தில் ரோசின் தங்கும். நூறு கிலோ பிசினில் ரோசின் எழுபது கிலோவுக்கு மேல், தைலம் ஏறக்குறைய இருபது கிலோ. வயலின் வில்லுக்குத் தேய்ப்பதும் ரோசின்தான், பிளாஸ்திரியில் பசையாக இருந்ததும் அதுதான்.

கட்டுரையில் தைலத்தின் வேதியியலை இரண்டே வரியில் முடித்துவிட்டார்கள். பைனீன் என்ற வேதிப்பொருள் இருக்கிறது என்றால் போதாது. எல்லாப் பைன் தைலமும் ஒன்றல்ல. அமெரிக்க, ஐரோப்பியத் தைலங்களில் பைனீன் மிகுதி. நம் சீர் மரத் தைலத்தில் பாதிக்கும் மேல் கேரின் என்ற வேறொரு பொருள். இரண்டிலும் 10 கார்பன் அணு, 16 ஹைட்ரஜன் அணுதான், ஆனால் அவை கோத்திருக்கும் விதம் வேறு. இந்தத் தைலத்தை ஆராய்ந்து கேரினையும், அதிலேயே உள்ள லாங்கிஃபோலீன் என்ற இன்னொரு பொருளையும் உலகுக்குச் சொன்னவர் ஜே. எல். சைமன்சன். அவர் 1910 முதல் 1919 வரை நம் சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்துவிட்டு, அப்புறம் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போனவர். தமிழ் வாசகர்களுக்கான கட்டுரையில் அவர் பெயர் வராமல் போனது எனக்குக் குறையாகவே பட்டது.

கேரின் விஷயம் படிப்புக்கு மட்டும் உரியதல்ல. காற்றுப் பட்டால் அது ஆக்சிஜனோடு சேர்ந்து தோலை அரிக்கும் பொருளாக மாறுகிறது. திறந்து பல மாதம் அலமாரியில் கிடந்த தைலத்தைத் தடவினால் தடிப்பும் கொப்புளமும் வருவது இதனால்தான். கழுத்து வரை நிரப்பிய கருநிறப் புட்டியில் இறுக மூடி, வெயில் படாமல் வைக்க வேண்டும். பழைய சரக்கை மூட்டுவலிக்கு எடுத்துத் தேய்க்கக் கூடாது.

மற்றபடி வெளிப்பூச்சுக்கு இது அருமையான மருந்து, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சுளுக்குக்கும் தசைவலிக்கும் டர்பன்டைன் லினிமென்ட் என்று ஒன்று உண்டு. மென்சோப்பு, கற்பூரம், தண்ணீர், லிட்டருக்கு ஏறக்குறைய 650 மில்லி தைலம் சேர்ந்த வெள்ளைக் குழம்பு. மருந்தாளுநர் படிப்பு படித்தவர் யாரும் அதைக் குழைத்த கைவலியை மறக்க மாட்டார்கள். இன்னொரு பயன், புழு வைத்த புண். சர்க்கரை நோயில் உணர்ச்சி மரத்துப்போன காலோடு வருவார்கள். மேலே பார்த்தால் சின்னத் துவாரம்தான், உள்ளே புழு நெளியும். தைலத்தில் நனைத்த துணியைப் புண்மேல் வைத்துக் கொஞ்ச நேரம் விட்டால், மூச்சு முட்டிப் புழுக்கள் ஒவ்வொன்றாக மேலே வரும். செவிலியர் இடுக்கியால் எடுத்துக் கிண்ணத்தில் போடுவார், பிறகு புண்ணை நன்றாகக் கழுவிக் கட்டுப் போடுவார். மாட்டுப் புண்ணுக்குக் கால்நடை மருத்துவர்களும் இதையே செய்கிறார்கள்.

இனி அந்த வரிக்கு வருகிறேன். ஒரு காலத்தில் பூச்சிக்கு இதைக் குடிக்கக் கொடுத்தார்கள் என்பது உண்மைதான். வேறு மருந்து இல்லாத காலம் அது. இன்று அங்கன்வாடியிலும் பள்ளியிலும் அல்பெண்டசோல் மாத்திரை இலவசமாகவே கொடுக்கிறார்கள். டர்பன்டைனோ 15 மில்லி, அதாவது ஒரு பெரிய கரண்டி அளவு, உள்ளே போனாலே சின்னக் குழந்தையின் உயிரைப் பறிக்கக்கூடியது. விழுங்கும்போதே புரையேறி நுரையீரலுக்குள் இறங்கிவிடும் அளவுக்குத் தண்ணீர் போல ஓடும் திரவம் அது. அங்கே இறங்கினால் கிருமி இல்லாமலேயே வரும் ஒரு நிமோனியா. சிறுநீரகமும் கெடும். சிறுநீரில் வயலட் பூவின் மணம் வருவது இந்த நஞ்சின் பழைய அடையாளம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஹார்டுவேர் கடையில் டர்பன்டைன் என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மினரல் டர்பன்டைன், பெயின்ட் கரைக்கும் சரக்கு. அதில் பைன் மரம் துளிகூடக் கிடையாது. கட்டுரையைப் படித்துவிட்டு ஒரு தாய் கடைக்குப் போனால் அவர் கைக்கு வருவது அதுதான்.

கற்பூரத்தையும் இதோடு சொல்லிவிடுகிறேன். நாம் ஆரத்தி காட்டும் கட்டிக் கற்பூரம் இப்போது பெரும்பாலும் டர்பன்டைன் பைனீனிலிருந்து ஆலையில் செய்வது. நம் சீர் மரத் தைலத்தில் பைனீன் போதாததால் அதற்கான மூலப்பொருளை வெளிநாட்டிலிருந்தும் தருவிக்கிறார்கள். கற்பூரத்தை ஒரு கிராமுக்கும் குறைவாக விழுங்கினால்கூடச் சின்னக் குழந்தைக்குச் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். சளிக்கென்று தேங்காய் எண்ணெயில் அதைக் காய்ச்சிக் கைக்குழந்தையின் நெஞ்சிலும் மூக்கிலும் தடவும் வழக்கம் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. தோல் வழியாகவும் அது உள்ளே போகும். இரண்டு வயதுக்குள் வேண்டவே வேண்டாம்.

அந்த வரியை நம்பி யார் வீட்டிலாவது ஏற்கெனவே கொடுத்திருந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வாந்தியில்தான் மறுபடி நுரையீரலுக்குள் போகும். பாலோ எண்ணெயோ புகட்டாமல் 108-ஐ அழைத்து, புட்டியையும் கையோடு கொண்டு போங்கள். இதையும், கட்டுரையின் அந்த வரி தவறு என்பதையும், வரும் ஞாயிறு அதே பக்கத்தில் அதே அளவு எழுத்தில் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
பாளையங்கோட்டை.