தொட்டில் காலியாகவே இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

டிசம்பர் முதல் ஞாயிறு இதழோடு வந்த இணைப்பில் சென்னைக் கடைவீதிக் கிறிஸ்துமஸ் பற்றி நான்கு பக்கம் போட்டிருந்தீர்கள். பாரிமுனையில் ஸ்டார் என்ன விலை, பிளம் கேக்குக்கு எப்போது சொல்லி வைக்க வேண்டும், எல்லாம் இருந்தது. குறையில்லை. ஆனால் முகப்புப் படத்துக் குடிலில் பாலன் இயேசு அதற்குள் தொட்டிலில் படுத்திருந்தார். என் ஒன்பது வயதுப் பேத்தி அதைப் பார்த்துவிட்டு, "தாத்தா, இவங்க வீட்ல சீக்கிரமே பொறந்துட்டாரா?" என்று கேட்டாள். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் தச்சு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் வீட்டுக் குடில் பழைய பேக்கிங் பலகையில் நானே அடித்தது. மாதா, சூசையப்பர், மாடு, கழுதை எல்லாம் முன்கூட்டியே வந்துவிடும். பாலன் சுரூபம் மட்டும் என் மனைவியின் பழைய சேலைத் துணியில் சுற்றி பீரோவில் இருக்கும். நடுராத்திரிப் பூசை முடிந்து வந்ததும் வீட்டில் யார் சின்னதோ அவர்தான் எடுத்து வைக்க வேண்டும். இது என் அம்மா போட்ட சட்டம். அவரும் இல்லை, அந்தச் சேலையைக் கட்டியவளும் இல்லை. சட்டம் இருக்கிறது.

அதுவரை தொட்டில் சும்மா இருக்காது. ஒரு நல்ல காரியத்துக்கு ஒரு வைக்கோல் என்று பிள்ளைகள் போட்டு வர வேண்டும், பாலனுக்கு மெத்தை. போன வருஷம் ஒரே ஒரு குக்கரைக் கழுவிவிட்டுப் பதினொரு வைக்கோல் போட்டவளைப் பிடித்தேன். "அடி பிடிச்ச குக்கர் தாத்தா" என்றாள். விட்டுவிட்டேன். டிசம்பர் நடுவில் தட்டில் கேழ்வரகு விதைப்போம். அம்மன் கோவில் முளைப்பாரி மாதிரி பத்து நாளில் பச்சையாக எழும்பும். குடிலுக்கு அதுதான் புல்வெளி. தண்ணீர் தெளிப்பது பேரனின் பொறுப்பு. மறந்தால் 24-ஆம் தேதி பொட்டல்தான், அதையும் ஒரு வருஷம் பார்த்தாயிற்று.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறும் சேர்ந்த காத்திருப்புக் காலம்தான் திருவருகைக் காலம். அதற்கான மெழுகுவர்த்தி வளையம் நம் ஊர்ப் பழக்கம் இல்லை. 1839-இல் ஹாம்பர்க் நகரில் ஒரு லூத்தரன் போதகர், தன் பராமரிப்பில் இருந்த ஏழைப் பிள்ளைகள் கிறிஸ்துமஸுக்கு நாள் எண்ணுவதற்காகச் செய்தது. நாங்கள் சவுக்குக் கிளையை வளைத்துக் கட்டுகிறோம். ஊதா மூன்று, ரோஜா நிறம் ஒன்று, ஞாயிறுக்கு ஒன்றாக மொத்தம் நான்கு மெழுகுவர்த்தி. ரோஜா நிறம் மூன்றாம் ஞாயிறுக்கு.

2023-இல் முதல் ஞாயிறு டிசம்பர் 3. அன்று ராத்திரி ஒரு ஊதாவை ஏற்றி, செபம் சொல்லிப் படுத்தோம். விடிந்தால் மிக்ஜாம் புயல் மழை. தெருவில் முழங்கால் தண்ணீர், கரண்ட் இல்லை, கடை இல்லை. வீட்டில் இருந்த மெழுகுவர்த்தி அந்த நான்குதான். தண்ணீர் புகுந்து கீழ்வீட்டு பாய் குடும்பம் மாடிக்கு எங்களிடம் வந்துவிட்டது. ஒவ்வொன்றாக எரிந்து கடைசியில் ரோஜா நிறம் மட்டும் மிச்சம். "இது மூணாவது வாரத்துது, இப்ப ஏத்தினா பாவமா?" என்றாள் பேத்தி. ஏற்றச் சொன்னேன். பாய் வீட்டுக் கைக்குழந்தை அந்த வெளிச்சத்தில்தான் பால் குடித்தது. அடுத்த ஞாயிறு வெள்ளை மெழுகுவர்த்திக்கு ஊதா ரிப்பன் சுற்றி ஏற்றினோம்.

குடும்பம் என்பது இல்லத் திருச்சபை என்று உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-லேயே எழுதி வைத்தது. எங்கள் இல்லத் திருச்சபை ராத்திரி பத்து மணிக்குத்தான் கூடுகிறது, மருமகள் ஓ.எம்.ஆர். ஆபீசிலிருந்து வந்த பிறகு. ஒரு வாசகம், ஒரு அருள் நிறைந்த மரியே, ஒரு பாட்டு. பத்து நிமிஷம். அதில் பேரன் தூங்குவது நாலு நிமிஷம். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு ஒரு மணி நேரம். அங்கே பாடம் நடத்தலாம். காத்திருக்கப் பழக்க வீட்டில்தான் முடியும். கோவிலிலும் இந்த நான்கு ஞாயிறும் 'உன்னதங்களிலே' என்ற வானவர் கீதத்தைப் பாடுவதில்லை. அதனால்தான் நடுராத்திரிப் பூசையில் மணி அடித்து அதைப் பாடும்போது மயிர்க்கூச்செறிகிறது. ஆனால் கேரல்ஸ் குழுவினர் டிசம்பர் ஐந்தாம் தேதியே வாசலில் நின்று "பாலன் பிறந்தார்" என்று டிரம் அடிக்கிறார்கள். கூடவே கிறிஸ்துமஸ் தாத்தா வேறு. நானும் காபி கொடுத்துத்தான் அனுப்புகிறேன், வேறென்ன செய்ய.

இன்னொரு ஆதங்கம், 26-ஆம் தேதியே ஸ்டாரைக் கழற்றுவது. எங்கள் வீட்டில் பாலனைப் பார்க்க வரும் மூன்று ராஜாக்களின் சுரூபங்கள் 25-ஆம் தேதி டி.வி. ஸ்டாண்டிலிருந்துதான் கிளம்பும். தினம் ஓரடி. ஃபிரிட்ஜ் மேல், தண்ணீர் கேன் மேல், தையல் மிஷின் மேல் என்று நகர்ந்து, ஜனவரியில், ராஜாக்கள் பாலனைக் கண்டதைக் கொண்டாடும் திருக்காட்சித் திருநாள் அன்றுதான் குடிலுக்கு வந்து சேரும். போன வருஷம் ஒட்டகம் ஒன்று மிக்ஸிக்குப் பின்னால் விழுந்து இரண்டு நாள் காணாமல் போனது.

1223-இல் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் புனித அசிசி பிரான்சிஸ் முதன்முதல் குடில் அமைத்தபோது அதில் சுரூபமே இல்லை. வைக்கோல் தொட்டி, நிஜ மாடு, நிஜ கழுதை, அவ்வளவே. உங்களிடம் ஒரு சின்ன வேண்டுகோள். அடுத்த வருஷ இணைப்பிலும் குடில் படம் போடுங்கள். அது 25-ஆம் தேதிக்கு முன்னால் வரும் இதழ் என்றால் தொட்டிலைக் காலியாகப் போடுங்கள். எங்கள் வீட்டுக் குடிலைப் படம் எடுக்க வந்தாலும் சரி, சம்மதம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தச்சர் ஒருவர்,
பெரம்பூர், சென்னை.